சொந்த ஊரில் செய்தி எழுதுவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில், காரைக்குடியில் விடுதியில் தங்கி இதழியல் முதுகலை பயிலும் மாணவி ஒருவரின் கடிதம் பல பக்கங்களுக்கு நீண்டிருந்தது. தாம் கற்பதைப் பற்றிய எண்ணங்களையும் ஐயங்களையும் அவர் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். அக்கடிதத்தின் கேள்விகளைப் பிரித்து, அதே பொருளைத் தொட்டு வேறு வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளையும் சேர்த்து, இந்தப் பகுதி முழுவதையும் பத்திரிகைத் தொழிலுக்கே ஒதுக்கியிருக்கிறோம். கோயில், சமையல் பற்றிய கேள்விகளை அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

கேள்வி: யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி என்னும் ஆறு வினாக்களையும், முக்கியமானதை முதல் பத்தியில் சொல்ல வேண்டும் என்பதையும் வகுப்பில் கற்றுத் தருகிறார்கள். தேர்வில் அவற்றை எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறேன். ஆனால் பயிற்சிக்காக எங்கள் ஊர் ஊருணி ஆக்கிரமிப்பைப் பற்றி எழுதப் போனபோது, கரையில் வேலி போட்டிருப்பவர் என் சித்தப்பாவின் சம்பந்தி என்று தெரியவந்தது. “நாளைக்கு நாம் அந்த ஊரில் இருக்க வேண்டாமா?” என்று அம்மா கேட்கிறார். இதற்குப் பாடத்தில் விடை இல்லையே, ஐயா? *(இதழியல் மாணவி, காரைக்குடி)*

பதில்: பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் பெருநகரத்து நிருபரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவர் ஒரு மனிதரைப் பற்றி எழுதிவிட்டு, மறுநாள் அவர் முகத்தில் விழிக்காமல் இருந்துவிட முடியும். நம் பக்கத்தில் அது நடவாது. செய்தியில் வருபவரை அடுத்த வாரம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், அதுவும் பக்கத்து இலையில், சந்திக்க நேரிடும். எனவே உங்கள் அம்மாவின் கேள்வியை அச்சம் என்று தள்ளிவிடாதீர்கள். அவர் சொல்லும் நெருக்கடி உண்மையானது; அதற்குத் தொழிலுக்குள்ளேயே வழி இருக்கிறது.

முதலில் செய்ய வேண்டியது, இந்த உறவை உங்கள் ஆசிரியரிடமோ பயிற்சி தரும் செய்தி ஆசிரியரிடமோ எழுத்து மூலமாகத் தெரிவிப்பது. செய்தியை வேறொருவரிடம் கொடுப்பதா, உங்களையே எழுதச் சொல்லி மற்றொருவரைக் கொண்டு சரிபார்ப்பதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். சொல்லாமல் எழுதினால், செய்தி எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், உறவு வெளிப்படுகிற அன்று அது குடும்பச் சண்டையாகிவிடும். செய்தியையே எழுதாமல் விட்டுவிட்டாலோ, ஊருணி மெல்லச் சுருங்கிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது ஆவணம். ‘ஆக்கிரமிப்பு’ என்பது ஒரு குற்றச்சாட்டு. கண்ணால் பார்த்த வேலியை வைத்து மட்டும் அதை எழுதக் கூடாது. கிராமக் கணக்குகளில் ‘அ’ பதிவேடு என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு புல எண்ணுக்கும் நிலத்தின் வகைப்பாடு, பரப்பு, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பவை அதில் இருக்கும். தமிழக அரசின் இணையச் சேவைத் தளத்திலும் பார்க்கலாம். அதனோடு புலப்படத்தையும் வைத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ நில அளவரிடமோ வேலி எந்த எண்ணுக்குள் வருகிறது என்று கேளுங்கள். நம் பகுதியில் தனிக் குடும்பங்கள் தம் செலவில் வெட்டிய ஊருணிகளும் இருப்பதால், வகைப்பாடு என்னவென்று பார்க்காமல் ஒருவரை ஆக்கிரமிப்பாளர் என்பது அநியாயமாகவும் முடியலாம், அவதூறு வழக்காகவும் முடியலாம். நீர்நிலைப் புறம்போக்கு என்று பதிவேடு சொன்னால், உங்கள் செய்தியின் முதல் வரியை அந்தப் பதிவேடே எழுதிக் கொடுத்துவிடும். சம்பந்திக்கு எதிராக நீங்கள் பேசவில்லை, அரசின் கணக்கு பேசுகிறது என்ற நிலை அப்போதுதான் உண்டாகும்.

மூன்றாவதாக, வேலி போட்டவரிடம் போய்க் கேளுங்கள். தொலைபேசியில் வேண்டாம்; நேரில் போங்கள். பதிவேட்டில் இருப்பதைச் சொல்லி, அவர் தரப்பு என்ன என்று கேட்டு, அவர் சொன்னதைச் செய்தியின் கடைசி வரியில் ஒளித்து வைக்காமல் உரிய இடத்தில் போடுங்கள். அவரிடம் பழைய பத்திரம் ஒன்று இருக்கவும் கூடும். இருந்தால் செய்தியின் போக்கே மாறும். ‘தொடர்புகொள்ள முயன்றோம், முடியவில்லை’ என்ற வரியைப் பல செய்திகளில் பார்த்திருப்பீர்கள். ஒரே ஊரில், ஒரே தெருவில் இருப்பவரைப் பற்றி அப்படி எழுதினால் வாசகர்கள் சிரிப்பார்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. வேட்டி மடித்துக் கட்டியவர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற கூட்டம் என்று கேலி செய்வோர் உண்டு. ஆனால் ஊராட்சியின் வரவு செலவு அங்கேதான் வைக்கப்பட வேண்டும், தீர்மானங்களும் அங்கேதான் பதிவாகின்றன. ஊருணியைப் பற்றிய தீர்மானம் ஏதேனும் முன்பு நிறைவேறியிருக்கிறதா என்று தீர்மானப் புத்தகத்தைப் பாருங்கள். நான் அறிந்தவரை, மாவட்டத் தலைநகரில் நடக்கும் பத்துச் செய்தியாளர் சந்திப்புகளைவிட ஒரு தீர்மானப் புத்தகம் அதிகச் செய்தி தரும்.

ஊருணி சிறிய விஷயம் என்று உங்கள் வகுப்பில் யாரேனும் சொன்னால், செட்டிநாட்டு ஊர்களின் அமைப்பை விளக்குங்கள். கூரையில் விழும் மழை வளவுக்குள், அதாவது வீட்டின் நடு முற்றத்துக்குள், இறங்கி, வடிகால் வழியே தெருவுக்கு வந்து, ஊருணியில் சேரும்படி திட்டமிட்டுக் கட்டியிருக்கிறார்கள். 2014-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் இடம்பெற்றன. அங்கு முன்வைக்கப்பட்டது தனித்தனி வீடுகளின் அழகு மட்டுமல்ல, ஊர்களின் ஒட்டுமொத்த அமைப்பு. வீட்டைப் படம் பிடிக்க வருகிறவர்கள் ஏராளம். அந்த வீட்டின் தண்ணீர் இன்று எங்கே போகிறது என்று கேட்பவர்கள் குறைவு. அதை நீங்கள் கேட்கலாம்.

கேள்வி: வணிகத்துக்கும் கல்விக்கும் பெயர் பெற்ற நம் மண்ணில் பத்திரிகைத் தொழிலுக்கு முன்னோடிகள் இருந்தார்களா? *(ஓய்வு பெற்ற தமிழாசிரியர், தேவகோட்டை)*

பதில்: உங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாம். வாசகர் கேள்விக்குப் பதில் சொல்வதையே ஒரு கலையாக்கிய ‘கல்கண்டு’ தமிழ்வாணன் தேவகோட்டைக்காரர். இந்தப் பகுதியை நடத்துகிறவன் அவரைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1920-களில் காரைக்குடியிலிருந்து ராய. சொக்கலிங்கனாரின் ‘ஊழியன்’, சொ. முருகப்பாவின் ‘குமரன்’ ஆகியவை வெளிவந்தன. புதுமைப்பித்தன் சிறிது காலம் பணி செய்தது ‘ஊழியன்’ இதழில்தான். பள்ளத்தூரில் பிறந்த எஸ். முத்தையா இலங்கையில் ‘டைம்ஸ் ஆஃப் சிலோன்’ நாளிதழில் பணியாற்றிய பின் சென்னைக்கு வந்து, அந்நகரத்தின் வரலாற்றைப் பத்திரிகை வாசகர்களுக்கு ஆண்டுக்கணக்கில் எடுத்துச் சொன்னார்.

ஆனால் மாணவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டியவர் என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால், கோட்டையூர் ஏ.கே. செட்டியாரைச் சொல்வேன். இளம் வயதிலேயே பர்மாவில் ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியராக இருந்தவர். பின்னர் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக் கலை பயின்றார். காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காகப் பல நாடுகளில் அலைந்து, ஏறத்தாழ 50,000 அடி நீளப் படச்சுருளைத் திரட்டி, அதிலிருந்து தேர்ந்தெடுத்து 1940-இல் படத்தை வெளியிட்டார். திரட்டியதில் பெரும்பகுதியைப் பயன்படுத்தாமல் விட்டார் என்பதைக் கவனியுங்கள். கையில் கிடைத்த குறிப்பையெல்லாம் செய்தியில் கொட்டுகிற பழக்கம் இன்றைய மாணவர்களிடம் நிறையவே இருக்கிறது. 1943-இல் அவர் தொடங்கிய ‘குமரி மலர்’ இதழில் பழைய பத்திரிகைகளில் புதைந்து கிடந்த எழுத்துகளைத் தேடி மறுபடியும் அச்சிட்டார். தம்மைப் பற்றி எழுதுவதில் அவர் காட்டிய கூச்சம் வேறு. பேட்டி எடுத்தவரைவிடப் பேட்டி கொடுத்தவர் சிறிதாகத் தெரியும் காணொளிகள் பெருகிவிட்ட இக்காலத்தில் அந்தக் கூச்சம் சற்று அதிசயமாகவே தோன்றும்.

அதே கோட்டையூரில்தான் ரோஜா முத்தையா பழைய நூல்களையும் இதழ்களையும் விளம்பரத் தாள்களையும் சேர்த்து வைத்திருந்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு, சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பைப் பெற்று, 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் அமைய வழி செய்தது. நம் பக்கத்துப் பழைய இதழ்களைப் பார்க்க நாம் சென்னைக்குப் போக வேண்டியிருப்பது சிரமந்தான். ஆனால் தொகுப்பு கரையானுக்கு இரையாகாமல் பிழைத்ததை நினைத்தால் அந்தப் பயணத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

கேள்வி: கீழடி நம் சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. அதைப் பற்றி எழுதினால் ஒரு பக்கம் பெருமிதம், மறுபக்கம் அரசியல் என்று இழுக்கிறது. மாணவர் எப்படி எழுத வேண்டும்? *(அதே மாணவி)*

பதில்: பெருமிதம் தவறில்லை, அது எண்ணைத் திருத்தாமல் இருந்தால் போதும். 2019-இல் தமிழகத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையில், 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த ஒரு கரிம மாதிரிக்குக் கி.மு. 580 என்ற காலம் கிடைத்ததாகச் சொல்லப்பட்டது. இங்கே காலம் கிடைத்தது அந்த மாதிரிக்கு. அதை வைத்து அதே மண்ணடுக்கில் கிடைத்த பொருள்களின் காலத்தை அறிஞர்கள் வரையறுக்கிறார்கள். அதற்கு மேலும் கீழும் உள்ள அடுக்குகளுக்கு வேறு வேறு காலம் வரும். தலைப்பு எழுதுகிறவர் ‘கீழடியின் வயது 2,600’ என்று சுருக்குவது புரிந்துகொள்ளத்தக்கதே. செய்தியின் உடலில் நீங்கள் ஆழம், மாதிரி, அடுக்கு ஆகிய மூன்றையும் சொல்லிவிட வேண்டும்.

அரசியல் பகுதிக்கும் இதே ஒழுங்குதான். முதல் இரு கட்ட அகழாய்வுகளை நடத்திய மத்தியத் தொல்லியல் துறை அதிகாரி அமர்நாத் ராமகிருஷ்ணா 982 பக்க அறிக்கையை 2023 ஜனவரியில் ஒப்படைத்தார். 2025 மே மாதத்தில் அத்துறை அதைத் திருத்தித் தரும்படி கேட்டது. அவர் தம் முடிவுகளில் உறுதியாக நின்றார். எந்தக் காலக்கணிப்பின் மேல் கேள்வி, என்ன காரணம் சொல்லப்பட்டது, அதற்கு அவர் தந்த விடை என்ன என்று வரிசையாக எழுதினால் வாசகர் தாமே ஒரு முடிவுக்கு வருவார். தலைவர்களின் கண்டன அறிக்கைகளை மட்டும் அடுக்கிவிட்டு, சர்ச்சைக்குரிய காலக்கணிப்பு எதுவென்றே சொல்லாமல் முடிகிற செய்திகளைப் படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது.

கேள்வி: சிராவயல் மஞ்சுவிரட்டில் காயமடைந்தோர் எண்ணிக்கை மூன்று பத்திரிகைகளில் மூன்று விதமாக வருவது ஏன்? *(ஒரு வாசகர், திருப்பத்தூர்)*

பதில்: தொழுவிலிருந்து விடப்படும் மாடுகள் தவிர, சுற்றியுள்ள வெளிகளில் கட்டுமாடுகளும் அவிழ்த்துவிடப்படுவதால், காயம் ஓரிடத்தில் மட்டும் நேர்வதில்லை. களத்து மருத்துவ முகாமில் கட்டுப் போட்டுக்கொண்டு போனவர்களை ஒருவர் கணக்கில் சேர்ப்பார். மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்களை மட்டும் இன்னொருவர் எண்ணுவார். ஒருவர் மாலை நான்கு மணிக்குச் செய்தி அனுப்பியிருப்பார், மற்றவர் இரவு எட்டு மணிக்கு. எண்ணோடு நேரத்தையும் அதைச் சொன்ன அலுவலரின் பதவியையும் போட்டால் குழப்பம் தீரும்.

கேள்வி: கைப்பேசியில் வரும் காணொளிகளில் எது உண்மை, எது பொய் என்று வீட்டில் இருப்பவர்கள் எப்படி அறிவது? *(குடும்பத் தலைவி, புதுவயல்)*

பதில்: 2023 மார்ச் மாதம் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று காணொளிகள் பரவி, பீகார் அரசு நேரில் பார்த்துவர ஒரு குழுவையே அனுப்பியது. பரவியவை வேறு சம்பவங்களின் காட்சிகள், தவறான விளக்கத்தோடு சுற்றில் விடப்பட்டவை என்று தமிழகக் காவல்துறை விளக்கியது. அதற்குள் பயந்துபோன தொழிலாளர்கள் பலர் ரயிலேறிவிட்டார்கள்.

காணொளியில் தெரியும் கடைப் பலகையின் எழுத்து, வண்டிகளின் பதிவெண், காவலர் சீருடை, பேச்சு வழக்கு ஆகியவற்றை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். காட்சி ஒன்றைப் படமாக்கிக் கூகுள் படத் தேடலில் இட்டால், அது முன்பே எங்கேனும் வெளிவந்திருந்தால் பல நேரம் தெரிந்துவிடும். செயற்கை நுண்ணறிவு கொண்டு செய்த குரலையும் முகத்தையும் இந்த வழியில் பிடிப்பது கடினம். அங்கே பார்க்க வேண்டியது, பெயரும் பொறுப்பும் உள்ள ஒரு செய்தி நிறுவனமாவது அதே செய்தியைத் தன் நிருபரை அனுப்பி உறுதி செய்திருக்கிறதா என்பதை. யாரும் உறுதி செய்யவில்லை என்றால் மற்றவருக்கு அனுப்பாமல் இருப்பதால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

கேள்வி: பாலியல் குற்றத்துக்கு ஆளான ஒரு சிறுமியைப் பற்றிய செய்தியில் பெயரை விட்டுவிட்டால் சட்டப்படி போதுமானது என்று தோழிகள் சொல்கிறார்கள். எனக்குத் திருப்தியாக இல்லை. *(அதே மாணவி)*

பதில்: உங்கள் அதிருப்தி நியாயமானது, சட்டமும் உங்கள் பக்கமே. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பெயரை மட்டுமன்றி முகவரி, புகைப்படம், குடும்ப விவரம், பள்ளி, சுற்றுப்புறம் என்று குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. குழந்தையின் நன்மையைக் கருதிச் சிறப்பு நீதிமன்றம் எழுத்து மூலம் அனுமதித்தால் தவிர இதற்கு விலக்கில்லை. மீறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

சிறிய ஊர்களில் இதன் பொருள் மேலும் விரிகிறது. ‘இன்ன ஊர், எட்டாம் வகுப்பு, தந்தை சிங்கப்பூரில் வேலை’ என்று எழுதினால் சென்னை வாசகருக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்து ஊருக்கு எல்லாம் தெரிந்துவிடும். நகரத்தார் குடும்பமாயின் பெயருக்கு முன் வரும் விலாச எழுத்துகளே வீட்டைக் காட்டிக் கொடுக்கும். குற்றம் சாட்டப்பட்டவர் உறவினராக இருந்தால், அவர் பெயரைப் போடுவதே குழந்தையின் பெயரைப் போடுவதாகிவிடும். நீங்கள் எழுதியதை அந்த ஊர்த் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருப்பவர் படிப்பதாக நினைத்து, அவருக்கு அடையாளம் தெரியும் ஒவ்வொரு விவரத்தையும் நீக்குங்கள். செய்தி நான்கு வரியாகச் சுருங்கினால் சுருங்கட்டும். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, குற்றப் பத்திரிகை தாக்கலாகிவிட்டதா என்று எழுத அந்த நான்கு வரி போதும்.

தற்கொலைச் செய்திகளுக்கும் இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2019-இல் நெறிகளை ஏற்றிருக்கிறது: செய்த முறையை விவரிக்கக் கூடாது, இடத்தைக் குறிப்பாகச் சொல்லக் கூடாது, பரபரப்பான தலைப்பு கூடாது.

கேள்வி: என் பேத்தி நிருபராகப் போகிறேன் என்கிறாள். இந்த வேலையில் சோறு கிடைக்குமா? *(ஓர் ஆச்சி, பள்ளத்தூர்)*

பதில்: கிடைக்கும், ஆச்சி. ஆனால் எங்கே, எந்தப் பொறுப்பில் என்பதைப் பொறுத்தது. உழைக்கும் பத்திரிகையாளர்களுக்கென 1955-லேயே சட்டம் வந்தது. மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரைகள் 2011-இல் அறிவிக்கப்பட்டு, 2014-இல் உச்ச நீதிமன்றத்தாலும் உறுதி செய்யப்பட்டன. காகிதத்தில் நிலைமை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்மைப் போன்ற ஊர்களில் செய்தி அனுப்புவோர் பெரும்பாலும் பகுதி நேர நிருபர்கள். பலருக்குப் பணி ஆணை கிடையாது. வந்த செய்திக்கு இவ்வளவு என்று சொற்பத் தொகையும், சிறப்பு மலருக்கு விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் கமிஷனும் கிடைக்கும். காலையில் ஒரு பள்ளி நிர்வாகியிடம் விளம்பரம் கேட்டவர், மாலையில் அதே பள்ளியின் கட்டணக் கொள்ளையைப் பற்றி எப்படிக் கேள்வி கேட்பார்? செய்தியாளர் சந்திப்புகளில் உறைக்குள் பணம் வைத்துக் கொடுக்கப்படும் ‘கவர்’ என்னும் நோய்க்கும் வேர் இதுதான். வாங்குகிறவரை மட்டும் திட்டிவிட்டு, அவருக்குச் சம்பளம் தராத நிறுவனத்தை விட்டுவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

பேத்தியைத் தடுக்க வேண்டாம். பணி ஆணையைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். விளம்பரப் பொறுப்பை ஏற்க மாட்டேன் என்று முதல் நாளே சொல்லச் சொல்லுங்கள். கணக்குப் பார்ப்பதில் உங்கள் குடும்பத்துக்கு உள்ள பழக்கத்தையும் அவளுக்குக் கொடுத்து அனுப்புங்கள். ஒரு நகராட்சி வரவு செலவுத் திட்டத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்துப் புரிந்துகொள்ளும் நிருபருக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு.

கேள்வி: தெருவிளக்குச் செலவைப் பற்றி ஓர் ஊராட்சிக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு அனுப்பினேன். நாட்கள் கடந்தும் பதில் இல்லை. ஒரு கேள்விக்கு மட்டும், ‘தனிநபர் தகவல், தர இயலாது’ என்று வாய்மொழியாகச் சொல்கிறார்கள். அடுத்து என்ன? *(அதே மாணவி)*

பதில்: மனு பெற்ற நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பொதுத் தகவல் அலுவலர் பதில் தர வேண்டும். தரவில்லை என்றால், அந்தக் கெடு முடிந்த 30 நாட்களுக்குள், அதே அலுவலகத்துக்கு மேல்நிலையில் உள்ள மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அங்கும் தீரவில்லை என்றால், 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. ‘ஏன் இவ்வளவு செலவாயிற்று?’ என்று காரணம் கேட்டால் தட்டிக் கழிப்பார்கள். எனவே கொள்முதல் பட்டியலின் நகல், அளவீட்டுப் புத்தகத்தின் நகல், கோப்பை நேரில் பார்வையிட அனுமதி என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

வாய்மொழி மறுப்பை ஏற்காதீர்கள். எந்தப் பிரிவின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் தனிநபர் தகவல் பற்றிய விலக்கை விரிவாக்கிவிட்டது. முன்பு அந்த விலக்குக்குள்ளேயே பொதுநலன் என்ற நிபந்தனை இருந்தது, இப்போது இல்லை. பத்திரிகையாளர்கள் இதை எதிர்ப்பதற்குக் காரணம், ஒப்பந்ததாரரின் பெயர் முதல் பயனாளிகள் பட்டியல் வரை எதையும் தனிநபர் தகவல் என்று சொல்லிவிட முடியும் என்பதுதான். அந்த எதிர்ப்பு சரியென்றே நானும் கருதுகிறேன். ஆனால் அதே 8-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு இன்னும் இருக்கிறது. வெளியிடுவதால் வரும் தீங்கைவிடப் பொதுநலன் பெரிதானால், விலக்குப் பெற்ற தகவலையும் தரலாம் என்கிறது அது. உங்கள் மேல்முறையீட்டில் அந்த உட்பிரிவைக் குறிப்பிட்டு, விளக்குகளுக்குச் செலவானது ஊராட்சிப் பணம் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) ஒப்புகையுடன் அனுப்பி, மனுவின் நகலையும் ரசீதையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.